வாசலில் ஒரு குரல்

 

மில்லர்புரத்தில் நண்பகல் வேளை அமைதியானது. ஆண்கள் துறைமுகத்திற்கும் கடைகளுக்கும் சென்றிருப்பர். அந்நேரம் பார்த்துத்தான் அழைப்பு மணி ஒலிக்கிறது. சென்ற மாதம் எங்கள் தெருவில் ஒரு மூதாட்டியின் இல்லத்திற்குள், "தண்ணீரை இலவசமாகச் சோதித்துத் தருகிறோம்" என்று இருவர் வந்தனர். குவளை நீரில் மின்முனைகளை இட்டதும் நீர் செம்பழுப்பாயிற்று. அஞ்சிய மூதாட்டி, மருந்துக்கென வைத்திருந்த பணத்தைச் சுத்திகரிப்புக் கருவிக்கு முன்பணமாகத் தந்துவிட்டார். நீரில் தோன்றியது அழுக்கன்று. மின்னோட்டத்தால் அரிக்கப்பட்ட இரும்பு முனையின் துருவே அது. உப்புகள் கரைந்துள்ள நல்ல குடிநீரிலும் அது தோன்றும்.

"ஏன் உம்மா உள்ளே விட்டீர்கள்?" என்றேன். "வந்தவரைப் போகச் சொல்ல மனம் வரவில்லை, ஹஜ்ரத்" என்றார்.

அவ்வாறு சொல்வது குற்றமன்று. பிறர் இல்லத்தில் அனுமதி பெற்று, ஸலாம் கூறியே நுழைய வேண்டும். திரும்பிச் செல்லுமாறு கூறப்பட்டால் திரும்பிவிட வேண்டும். அதுவே தூய்மையானது என்பது திருமறையின் கட்டளை (24:27, 28). மும்முறை கேட்டும் அனுமதி கிடைக்காவிடில் திரும்பிவிடுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வழிகாட்டியுள்ளார்கள். மறுப்பது இல்லத்தாரின் உரிமை. மனம் கோணாது திரும்புவது வந்தவரின் கடமை.

நாட்டுச் சட்டமும் இதற்குத் துணை நிற்கிறது. நேரடி விற்பனை நிறுவனங்களின் முகவர்கள், அடையாள அட்டையும் முன் அனுமதியும் இன்றி இல்லம் தேடி வரக்கூடாதென 2021ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் கூறுகின்றன.

ஆகவே சகோதரிகளே! கதவைத் திறக்குமுன் யாரென்று கேளுங்கள். அடையாள அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். அன்றே பணமோ, கையொப்பமோ, ஆதார் நகலோ தராதீர்கள். "வேண்டாம், சென்று வாருங்கள்" என்று உறுதியாகக் கூறுங்கள். ஏமாற்றப்பட்டால் நுகர்வோர் உதவி எண் 1915, அச்சுறுத்தப்பட்டால் 112.

மீனும் காய்கறியும் கூவி விற்போரை இவர்களுடன் சேர்த்துவிடாதீர்கள். அவர்களின் குரல் தெருவோடு நிற்கிறது, வேண்டுவோரே அழைக்கின்றனர். யாசிப்பவரை விரட்டலாகாது என்பதும் திருமறையின் கட்டளையே (93:10).

ரமளானில் மதரஸா ரசீதுப் புத்தகத்துடன் வாசல்தோறும் செல்பவன் நானும். நான்காம் முறை மணியை அழுத்திய நாள்களும் உண்டு. அக்கதவுகளுக்குப் பின்னால் எத்தனை பேர் மறுக்க இயலாமல் தந்தார்களோ! இனி மூன்றோடு திரும்பிவிடுவேன்.

பிறர் வாசலின் கண்ணியம் காப்போராக நம் அனைவரையும் வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.