பழைய லேப்டாப்பைத் தூக்கிப் போடாதீங்க!



2016-ல் நான் இன்ஜினியரிங் சேர்ந்தப்போ அப்பா தவணையில் வாங்கித் தந்த லேப்டாப், இப்போ தங்கச்சி கையில் இருக்கு. போன மாதம் சர்வீஸ் கடையில் காட்டினோம். "இதுல விண்டோஸ் 11 ஏறாது, புதுசு வாங்கிடுங்க"ன்னு ஒரே வார்த்தையில் முடிச்சுட்டாங்க.

கீபோர்டு ஓகே. திரை ஓகே. அப்புறம் என்னதான் கோளாறு?

2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. தனியாகப் பதிவு செய்தவர்களுக்கு மட்டும் கூடுதல் அவகாசம். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-வது தலைமுறை பிராசசராவது வேண்டும். 2016 மெஷினுக்கு எங்கே போவது?

நம்ம காசு, நம்ம மெஷின். அது எப்போ குப்பைக்குப் போகணும்னு வேற ஒருத்தர் முடிவு பண்ணலாமா?

நான் லினக்ஸ் மின்ட் போட்டேன். இலவசம். லைசென்ஸ் கீ கிடையாது. ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரே ஆபிஸ் கூடவே வருது. தமிழ்99 விசைப்பலகையும் இருக்கு. தங்கச்சி அசைன்மென்ட் எல்லாம் இப்போ அதில்தான்.

நீங்களும் செய்யலாம்:

👉 முதலில் போட்டோ, ஃபைல் எல்லாத்தையும் வேறொரு டிஸ்க்கில் காப்பி எடுங்க. இதை மட்டும் விடாதீங்க!
👉 மின்ட் ஐஎஸ்ஓ ஃபைலை டவுன்லோட் செய்து, எட்ச்சர் மூலம் 8 ஜிபி பென் டிரைவில் ஏற்றுங்க. ரேம் குறைவு என்றால் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு.
👉 பென் டிரைவிலிருந்தே பூட் செய்து வைஃபை, சவுண்டு, பிரிண்டர் பாருங்க. திருப்தி என்றால் மட்டும் இன்ஸ்டால்.

உண்மையையும் சொல்லணும். டேலி, போட்டோஷாப் இதில் நேரடியாக ஓடாது. கடைக் கணக்கு டேலியில் இருந்தால் அந்த கம்ப்யூட்டரில் கை வைக்காதீங்க.

இது நமக்குப் புதுசும் இல்லை. 2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்குத் தர ஆரம்பித்த மடிக்கணினிகளில் விண்டோஸுடன் சி-டாக்கின் பாஸ் லினக்ஸும் இருந்தது. எத்தனை பேர் அதை ஒருமுறையாவது திறந்தோம்? சொல்லித்தர ஆளில்லை. பக்கத்துக் கேரளாவில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்து, பள்ளிப் பாடத்தையே லினக்ஸில் நடத்துறாங்க. வித்தியாசம் அங்கேதான்.

மக்கள் வரிப்பணத்தில் வாங்கும் கணினிகளில் லினக்ஸ் இருந்தால் மட்டும் போதாது. அதைச் சொல்லித்தர ஆசிரியரும் வேண்டும். இதுதான் நம்ம கோரிக்கை.

அதுவரை நாமே கத்துக்குவோம். தயக்கமா இருந்தா உங்க பகுதி ஐடி அணித் தம்பிகளிடம் ஒரு பென் டிரைவோட வாங்க, கூட உட்கார்ந்து போட்டுத் தருவோம்.

பழைய லேப்டாப் வீட்டில் தூங்குதா? கமெண்டில் சொல்லுங்க. தேவைப்படுறவங்களுக்குப் பகிருங்க.

– தகவல் தொழில்நுட்ப அணி

#நம்மகணினி_நம்உரிமை #லினக்ஸ்