எண்கள் பொய் சொல்லாதாம்!

கணித ஆய்வரங்கத் தொடக்க விழா எதற்குப் போனாலும் இந்த வரி காதில் விழாமல் திரும்ப முடிவதில்லை. பேச்சாளரை அறிமுகம் செய்பவர், அவர் எந்தத் தேற்றத்தை நிறுவினார் என்று சொல்வதில்லை. இத்தனை பேப்பர், இத்தனை சைட்டேஷன், எச்-இண்டெக்ஸ் இவ்வளவு என்று வாசித்துவிட்டு, "எண்கள் பொய் சொல்லாது" என்று முடிப்பார். கைதட்டலும் கிடைக்கும். பல ஆண்டுகளாகக் கேட்டுச் சலித்த இந்த வாதத்தைப் பிரித்துப் பார்த்துவிடலாம். அதற்கு அல்ஜீப்ராயிக் டோபாலஜி எனும் இயற்கணித இடத்தியல் ஒன்றே போதும்.

1. "பேப்பர் எண்ணிக்கை உழைப்பைக் காட்டும்." அப்படியா? கணிதவியலாளர் பாய்ன்கரே முப்பரிமாணக் கோளத்தைப் பற்றி 1904இல் எழுப்பிய கேள்விக்கு விடையாக, பெரல்மான் 2002 நவம்பருக்கும் 2003 ஜூலைக்கும் இடையில் மூன்று கட்டுரைகளை ஆர்க்கைவ் எனும் முன்பதிப்புத் தளத்தில் போட்டார். எந்த ஆய்விதழுக்கும் அனுப்பவில்லை. குறைந்தது n மேற்கோள் பெற்ற கட்டுரைகள் n இருந்தால் மதிப்பு n என்று இயற்பியலாளர் ஹிர்ஷ் 2005இல் வகுத்த எச்-இண்டெக்ஸ் விதிப்படி, மூன்று கட்டுரைகளின் மதிப்பு மூன்றைத் தாண்டவே முடியாது. நூற்றாண்டுப் புதிரைத் தீர்த்ததற்கு மூன்று மதிப்பெண். நேர்காணலுக்குக்கூட அழைப்பு வராது.

2. "நல்ல வேலை உடனே கவனம் பெறும்." இதழ்களை மேற்கோள்களால் அளக்கும் இம்பாக்ட் ஃபேக்டர் வழக்கமாகப் பார்ப்பது கட்டுரை வெளியான பின்வரும் இரண்டே ஆண்டுகளை. கணித இதழ்கள் பெறும் மேற்கோள்களில் ஏறத்தாழ 90 சதவீதம் அந்த எல்லைக்கு வெளியேதான் விழுகின்றன என்று உலகக் கணித ஒன்றியமும் வேறு இரு அமைப்புகளும் 2008இல் வெளியிட்ட அறிக்கையே சொல்கிறது. ஹில், ஹாப்கின்ஸ், ராவனெல் மூவரும் கெர்வேர் இன்வேரியண்ட் என்ற இடத்தியல் சிக்கலின் பெரும்பகுதிக்கு 2009இல் விடை அறிவித்தார்கள். அது அன்னல்ஸ் ஆஃப் மேத்தமேட்டிக்ஸ் இதழில் அச்சேறவே 2016 ஆகிவிட்டது.

3. "எண்கள் பக்கச்சார்பற்றவை." அதிகம் மேற்கோள் காட்டப்படுவோர் பட்டியலை ஆண்டுதோறும் வெளியிடும் கிளாரிவேட் நிறுவனமே, மேற்கோள் தில்லுமுல்லு காரணமாக 2023இல் கணிதப் பிரிவை எடுத்துவிட்டது. கடைக்காரரே சரக்கு சரியில்லை என்றார். வாங்கியவர்கள் இன்னும் பாராட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

4. "அதிக சைட்டேஷன் என்றால் பெரிய வேலை." கோட்டையே இதுதான். இதற்கு ஒரே மனிதரின் இரண்டு கட்டுரைகளை எடுத்துக்கொள்வோம்.

கன்னர் கார்ல்சன் 1984இல் அன்னல்ஸ் இதழில் சீகல் ஊகத்தை நிறுவினார். ஒரு முடிவுறு குலத்தின் (ஃபைனைட் குரூப்) இயற்கணிதத் தகவலைக் கொண்டே, அதோடு இணைந்த முடிவற்ற பரிமாண வெளியின் நிலைத்த கோஹோமோட்டோபி எனும் இடத்தியல் தகவலைக் கணக்கிடலாம் என்பது அந்த ஊகம். இரண்டே உறுப்புகள் கொண்ட குலத்துக்கு அதை நிறுவவே கணிதவியலாளர் லின் கடுமையாக உழைக்க வேண்டியிருந்தது. ஆடம்ஸ், குணவர்தனா, மில்லர் மூவரும் எலிமெண்டரி ஏபீலியன் குலங்கள் எனும் தனி வகை வரை வந்தார்கள். எல்லா முடிவுறு குலங்களுக்கும் கதவைத் திறந்தவர் கார்ல்சன்.

அதே கார்ல்சன் 2009இல் அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் புல்லட்டினில் 'டோபாலஜி அண்ட் டேட்டா' என்ற கட்டுரையை எழுதினார். தரவுக் குவியலின் வடிவத்தை இடத்தியல் கொண்டு எப்படிப் படிப்பது என்று வெளியாருக்கு விளக்கும் அறிமுகம் அது. நல்ல கட்டுரை, தேவையான கட்டுரை. ஆனால் சைட்டேஷனில் இது முந்தையதைப் பல மடங்கு மிஞ்சி நிற்கிறது.

ஏன்? உயிரியல், பொருளறிவியல், நிதிச் சந்தை என எந்தத் துறையின் பேப்பரையாவது புரட்டுங்கள். முன்னுரையிலேயே "தரவுக்கும் வடிவம் உண்டு" என்று ஒரு வாக்கியம், அதன் வாலில் [1–6] என்று ஒரு வரிசை. அந்த ஆறில் ஒன்றாக இந்தக் கட்டுரை உட்கார்ந்திருக்கும். எழுதியவர் அதை முழுக்கப் படித்தாரா என்று யாரும் கேட்பதில்லை. சீகல் ஊகத்தை மேற்கோள் காட்ட வேண்டுமென்றாலோ, முதலில் அது என்னவென்று புரிய வேண்டும். உலகெங்கும் அப்படிப் புரிந்தவர்கள் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்? ஆக, எண் அளப்பது வாசலில் நிற்கும் கூட்டத்தை. வீடு கட்டியவரின் திறமையை அல்ல.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஒரு வேலை மிகப் பெரிதானால் அதை மேற்கோள் காட்டுவதையே நிறுத்திவிடுவார்கள். ஹோமாலஜி எனும் இடத்தியல் கருவியைப் பயன்படுத்துகிற எவர் இன்று பாய்ன்கரேயின் 1895 கட்டுரையைக் குறிப்பிடுகிறார்? ஹேட்சரின் இயற்கணித இடத்தியல் பாடநூலைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். துறையை உண்டாக்கியவருக்குப் பூஜ்யம், பாடநூலுக்கு ஒன்று. பொய்யே சொல்லாத எண்களின் கணக்கு இது!

சரி, வேறு வழி என்ன என்பார்கள். கட்டுரையைப் படிப்பதுதான். படித்துப் புரியாவிட்டால், புரிந்தவரிடம் கேட்பது. தேர்வுக் குழுக்களில் அமர்ந்திருப்பவர்களே, அதற்கும் நேரமில்லை என்றால் ஆளை மதிப்பிடும் பொறுப்பை ஏற்காதீர்கள்.