கடவுள் பெயரிலும் கணக்குக் கேட்போம்

பிரித்தானியாவில் 22 வயதாகி, வருடத்துக்கு 10,000 பவுண்டுக்கு மேல் சம்பளம் எடுத்தால், வேலையிடமே உங்களை ஒரு பென்சன் திட்டத்தில் சேர்த்துவிடும். மாதா மாதம் காசு போகும். எங்கே போகிறது என்று எங்களில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? நானும் இரண்டு வருடம் பார்க்கவில்லை. பார்த்த அன்று, பட்டியலில் ஆயுதம் செய்கிற கம்பனி ஒன்று இருந்தது. குண்டுக்குப் பயந்து ஊரை விட்டு வந்த அம்மாவின் பிள்ளை நான்.

இந்தக் கேள்வியை எங்களுக்கு முன்னமே கேட்டவர்களில் சமயக்காரர்கள் முக்கியமானவர்கள். வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த 1971இல், அமெரிக்க மெதடிஸ்ட் சபையில் வேலை செய்த லூதர் டைசன், ஜாக் கோர்பெட் என்ற இருவர் ‘பாக்ஸ் வேர்ல்ட்’ நிதியைத் தொடங்கினார்கள். பாக்ஸ் என்றால் லத்தீனில் சமாதானம். போரில் லாபம் பார்க்கிற கம்பனிகளுக்கு அதில் இடமில்லை. பிரித்தானியாவில், 1832இல் குவேக்கர்கள் தொடங்கிய பிரண்ட்ஸ் புரொவிடன்ட் காப்புறுதி நிறுவனம் 1984இல் ‘ஸ்டூவர்ட்ஷிப்’ நிதியைக் கொண்டுவந்தது. போரே கூடாது என்பது குவேக்கர்களின் பழைய பிடிவாதம். அது அங்கே முதலீட்டு விதியாக மாறியது.

அப்படியென்றால் சமயப் பின்னணி உள்ள நிறுவனத்திடம் காசைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாமா? இருக்கக் கூடாது என்பதே என் கருத்து.

2013இல் கன்டர்பரி பேராயர் ஜஸ்டின் வெல்பி, ஏழைகளிடம் அநியாய வட்டி வாங்கிய ‘வொங்கா’ என்ற கடன் கம்பனியைப் போட்டியிட்டே இல்லாமல் செய்வேன் என்றார். உடனேயே ஒரு பத்திரிகை உண்மையைக் கிண்டி எடுத்தது: அவருடைய திருச்சபையின் காசே, வேறொரு நிதி வழியாக வொங்காவில் இருந்தது. தனக்கு வெட்கமாக இருப்பதாகப் பேராயர் ஒப்புக்கொண்டார். அடுத்த வருடம் திருச்சபை அதிலிருந்து வெளியேறியது.

யாரும் பொய் சொல்லவில்லை. சிக்கல் விதியிலேயே இருந்தது. ஒரு கம்பனியின் வருமானத்தில் 25 சதவீதம் வரை அதிக வட்டிக் கடனிலிருந்து வந்தாலும் அதில் முதலிடலாம் என்றது திருச்சபையின் அப்போதைய விதி. போதாததற்கு, இன்னொருவர் நடத்தும் நிதிக்குள் காசைப் போட்டால், அது கடைசியில் எங்கே போய் நிற்கிறது என்று சுலபமாகத் தெரியாது.

எங்கள் நிதிகளிலும் இதே இரண்டு ஓட்டைகள் இருக்கலாம். ‘எதிக்கல்’ என்ற பெயரைப் பார்த்து மயங்காதீர்கள். எதை ஒதுக்குகிறார்கள், எத்தனை சதவீதத்துக்கு மேல் ஒதுக்குகிறார்கள், முதல் பத்துக் கம்பனிகள் எவை என்று பாருங்கள். கிடைக்காவிட்டால் மின்னஞ்சலில் கேளுங்கள்.

நான் வேறு நிதிக்கு மாறினேன். கட்டணம் கொஞ்சம் கூட. அங்கேயும் ஆயுதத்துக்கு 10 சதவீதம் வரை இடம் வைத்திருக்கிறார்கள். ஏன் என்று கேட்டு எழுதியிருக்கிறேன். கோயில் திருவிழாவுக்குக் கொடுத்த இருபது பவுண்டுக்கே கணக்குக் கேட்கிற ஆட்கள் நாங்கள். நாற்பது வருடச் சம்பளத்துக்குக் கேட்காமல் விடலாமா?