நாக்குப் புண்ணும் நாள் கூலியும்

ஃபுசோபாக்டீரியம் என்பது பல் ஈறில் சாதாரணமாகக் குடியிருக்கும் கிருமி. ஆரம்ப நிலை நாக்குப் புற்றுக் கட்டிக்குள் இது காணப்பட்ட நோயாளிகள் நீண்ட நாள் பிழைப்பது குறைவு என்று மும்பை டாட்டா நினைவு மையத்தின் ஆராய்ச்சியாளர்கள் 2022-ல் தெரிவித்தார்கள். லண்டன் ஆராய்ச்சியாளர்களோ 2024-ல், தலை, கழுத்துப் புற்றில் இதே கிருமி இருந்தவர்களே அதிக நாள் பிழைத்ததாகக் கூறினார்கள்! கிருமியைப் பார்த்து ஆயுளைக் கணிக்கும் காலம் இன்னும் வரவில்லை. ஆனால் ஆரம்பத்திலேயே கண்டால் பிழைக்க வழியுண்டு என்பதில் எந்த ஊர் டாக்டருக்கும் சந்தேகமில்லை.

மூணாறு, பீர்மேடு தோட்டங்களிலும் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலும் வெற்றிலை புகையிலை போடும் நம்மவர்கள், வாய்ப்புண் ஆறாவிட்டாலும், ஒரு நாள் கூலி போய்விடுமே என்று ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996 முதல் பயிற்சி பெற்ற ஊழியர்கள் வீடுவீடாகச் சென்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். பெரிய இயந்திரம் எதுவுமில்லை. புகையிலை, மது பழகியவர்களிடையே வாய்ப்புற்றுச் சாவு சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக 2005-ல் முடிவு வெளியாயிற்று.

இதை எல்லைப்புறத்திலும் நடத்தக் கேரள சுகாதாரத் துறை முன்வர வேண்டும். சோதனை நாளில் தோட்ட நிர்வாகங்கள் கூலியைப் பிடிக்கக் கூடாது. பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தரும் சீட்டில் உள்ளதைத் தமிழில் சொல்லவும் ஓர் ஆள் வேண்டும்.