எதை வலியுறுத்துகிறோம்?

காலையில் பத்திரிகையைப் பிரிப்பவர் கண்ணில் நாள்தோறும் தவறாமல் படும் வினைச்சொல் ஒன்று உண்டென்றால், அது 'வலியுறுத்தினார்' என்பதே. சட்டசபையில் பேசியவருக்கும், மாநாட்டில் தீர்மானம் கொண்டுவந்தவருக்கும், தெருக்குழாயில் தண்ணீர் வேண்டி மனுக் கொடுத்தவருக்கும் இந்த ஒரே சொல் பிரயோகமாகிவிட்டபடியால், வேண்டினார், கோரினார், எடுத்துரைத்தார் என்னும் நல்ல வினைகள் மெல்ல மெல்ல ஒதுங்கி வருகின்றன.

அதனினும் என்னை வருத்துவது, 'அரசை வலியுறுத்தினார்' என்று எழுதும் வழக்கம். வலி என்பது இன்று நோவைக் குறிப்பதாயினும், திருக்குறளின் 48ஆம் அதிகாரமாகிய வலியறிதலில் அதற்குப் பலம் என்பதே அர்த்தம். உறுத்துதலாவது உறும்படி செய்தல். ஆகவே ஒரு விஷயத்துக்குப் பலம் உண்டாகும்படி சொல்லுவதே வலியுறுத்துதல். பள்ளிக்கூடத்தின் அவசியத்தை அரசிடம் வலியுறுத்தலாம். அரசையே வலியுறுத்தினால், பலம் சேரவேண்டிய கோரிக்கை வாக்கியத்துக்கு வெளியே நின்றுவிடுகிறது.

ஆளை நெருக்குவதற்கு 'வற்புறுத்து' என்ற வேறொரு சொல் நம்மிடம் இருக்கிறது. வன்பு என்பதே வலித்து வற்பு ஆயிற்று. ஆனால் இந்தச் சொல்லும் ஆதியில் பலவந்தத்தைக் குறித்ததன்று. உ.வே. சாமிநாதையர் 1937இல் பதிப்பித்த குறுந்தொகையில் 66ஆம் பாட்டைப் பாருங்கள்: கார்காலத்தில் திரும்பி வருவதாகச் சொல்லிப் பிரிந்த தலைவன் வராதிருக்க, கொன்றை பூத்ததைக் கண்டு மனம் உடைந்த தலைவியிடம், இது பருவ மழையன்று, வேற்று மழையைக் காரென்று மயங்கி இந்தப் பேதை மரம் பூத்துவிட்டது என்று தோழி சொல்லுகிறாள், அவள் அப்படித் தேற்றியதைத்தான் துறைக் குறிப்பு 'வற்புறுத்தியது' என்கிறது. தளர்ந்த நெஞ்சுக்கு உறுதி ஊட்டுவதற்குப் பெயராக இருந்த சொல், இன்று விருப்பமில்லாதவரைப் பணியவைப்பதற்குப் பெயராகிவிட்டது.

அந்தப் பரிவை இனி மீட்பது நம்மால் ஆகிற காரியமன்று. வலியுறுத்தலின் பொருளோ இன்னும் முற்றும் கைவிட்டுப் போகவில்லை. செய்தி எழுதும் அன்பர்கள், 'அரசை' என்று எழுதவரும் இடத்தில் 'அரசிடம்' என்று எழுதி, வலியுறுத்தப்பட்டது எது என்பதையும் அந்த வாக்கியத்திலேயே சொல்லவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.