வட்டையில் நடக்க வேண்டிய பரீட்சை

வைத்தியக் கல்வியில் “ஒருங்கிணைந்த பாடத்திட்டம்” வெற்றி கண்டுவிட்டதென முரசறைவோர் நம்மிடையே பெருகிவிட்டனர். தீர்ப்பளித்தவர் யார்? பாடத்தை வகுத்தவர்களே! அவர்கள் வினாக்கொத்து நீட்டுவர். மாணவர் திருப்தி தெரிவிப்பர். பரீட்சைப் புள்ளிகள் சாட்சி சொல்லும். நோயாளியின் சாட்சியம் மட்டும் பெரும்பாலும் ஏட்டில் ஏறுவதில்லை.

திட்டத்தை நாம் பழிக்கவில்லை. முதலில் ஆய்வுகூடம், பின்னரே நோயாளர் விடுதி என்று 1910ஆம் ஆண்டின் பிளெக்ஸ்னர் அறிக்கை வலுப்படுத்திய சுவரை, 1952இல் அமெரிக்காவின் வெஸ்டர்ன் ரிசேர்வ் பல்கலைக்கழகம் இடித்தது. இதயமென்றால் அதன் அமைப்பு, தொழில், நோய், மருந்து யாவற்றையும் ஒருங்கே கற்பித்தது. கொழும்பு வைத்தியபீடம் 1995இல் இவ்வழியைத் தழுவியது. கணிதத்தையும் பௌதிகத்தையும் பழந்தமிழ் இசையையும் பிணைத்து 1947இல் ‘யாழ் நூல்’ தந்த விபுலாநந்த அடிகள் பிறந்த காரைதீவுக்கு, அறிவை ஒருங்கிணைப்பதன் அருமையை எவரும் போதிக்க வேண்டியதில்லை.

ஆயினும் அந்த ஒருங்கிணைப்பு மெய்யோ பொய்யோ என்பது வட்டையிலே தெரியும். கல்லோயா நீர் பாயும் வயலில் உழவர் இறங்குகிறார். காலிலே சிறு காயம். எலியின் சிறுநீர் கலந்த சேற்றுநீர் அதன்வழி கிருமியைப் புகுத்துகிறது. காய்ச்சல், தசைநோவு, முற்றினால் ஈரல், சிறுநீரகம், நுரையீரல்! 2008இல் இலங்கையில் ஏழாயிரத்துக்கு மேற்பட்டோர் எலிக்காய்ச்சல் ஐயத்துடன் பதிவாயினர். இதை நுண்ணுயிரியலிலும் சிறுநீரகப் பகுதியிலும் சமுதாய மருத்துவத்திலும் படித்துத் தேறிய வைத்தியர், காய்ச்சலோடு வந்தவரிடம் “வயலில் இறங்கினீர்களா?” என்று முதல்நாளே கேட்கிறாரா? அவர் மொழியிலே கேட்கிறாரா? வயல்வேலைக் காலத்தில் தடுப்பாக வழங்கப்படும் டொக்சிசைக்கிளினுக்காகப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை நாடும்படி அயலாருக்குச் சொல்லியனுப்புகிறாரா? இல்லையெனில், பாடங்கள் நேரசூசியில் மட்டுமே மணம் புரிந்திருக்கின்றன!

ஆஸ்பத்திரி நெரிசலுக்கும் ஆளணிக் குறைவுக்கும் பாடத்திட்டமா பொறுப்பு என்று பேராசிரியர்கள் வினவலாம். நியாயமே. அதனாலன்றோ ஒரே விடுதியில், ஒரே நெரிசலில் பணிபுரியும் பழைய பாடத்தவரையும் புதிய பாடத்தவரையும் ஒப்பிடக் கேட்கிறோம்! பரீட்சை மண்டபத்தில் இந்த ஒப்பீடு நடவாது.

மட்டக்களப்பிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சௌக்கிய பராமரிப்பு விஞ்ஞான பீடம் இதில் முன்னிற்கலாம். உள்ளகப் பயிற்சி முடிக்கும் தன் பட்டதாரிகள் எழுதிய நோயாளர் குறிப்பேடுகளை, பெயர்களை மறைத்து, வெளியாரைக் கொண்டு ஆராயட்டும். அந்த நோயாளர் சிலரையும், அவர்களுடைய ஊர்ப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் விசாரிக்கட்டும். முடிவைத் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்டு, கமக்காரர் சங்கங்களுக்கும் ஒரு பிரதி அனுப்பட்டும்.