இரவு இரண்டு மணிக்கு யார் படிப்பது?

முகம் தெரியாதவர்கள் ஒருவருக்கொருவர் ஆறுதலும் ஊக்கமும் எழுதிக்கொள்ளும் ஒரு வலைச்செயலியைக் கோவையின் எந்தப் பொறியியல் கல்லூரி மாணவர் குழுவும் இரண்டு விடுமுறை நாளில் எழுதிவிடும். பெயர் கேட்காமல் மனக்குறையை எழுத ஒரு பெட்டி, பதிலுக்கு இன்னொரு பெட்டி, நிரல் அவ்வளவுதான். கொங்குப் பகுதிக்கு அது கட்டாயம் தேவை என்பதே என் கட்சி. இங்கே பங்காளி, மாமன், மச்சான் என்று உறவு சூழ்ந்திருப்பதால் உதவி கிடைப்பது எளிது, ரகசியம் நிற்பதுதான் கடினம். சோமனூரில் கூலிக்குத் தறி ஓட்டுபவர் கடன் தவணை தவறியதை டீக்கடையில் வாய்விட்டால், சாயங்காலத்துக்குள் அது பாவு கொடுக்கிறவர் காதுக்கும் போகும், சம்பந்தம் பேச வந்தவர் காதுக்கும் போகும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ல் தமிழ்நாட்டில் தற்கொலையால் இறந்தவர்கள் 19,834 பேர். மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம் நமக்கு. நாடு முழுவதும் இப்படி இறந்தவர்களில் நாலில் ஒருவருக்கு மேல் தினக்கூலிகள். சொந்தமல்லாத ஒரு காது கிடைப்பது இவர்களுக்குச் சின்ன விஷயமல்ல.

ஆனால் அந்தப் பதில் பெட்டியில் என்ன வந்து விழும் என்பதை யோசிக்க வேண்டும். “கூலி கட்டுப்படியாகலீங்க, கரண்ட் பில்லுக்கே சரியாப் போகுது, வீட்ல இன்னும் சொல்லல” என்று ஒருவர் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். “கவலைப்படாதீங்க, எல்லாம் நல்லதுக்குத்தான்” என்று ஒரு பதில் வரும். கெடுதல் இல்லை, பயனும் இல்லை. “எனக்கும் இதே நெலமைங்க. மொதல்ல வீட்ல சொன்னேன், அப்புறம் பேங்க்ல போயி தவணையைக் கொறைச்சுக் கேட்டேன்” என்று இன்னொன்று வரலாம், செயலி இருப்பதே இதற்காகத்தான். மூன்றாவதாக, “பணம் நான் தர்றேன், நம்பர் அனுப்புங்க” என்று கந்துவட்டிக்காரர் எழுதுவார். மூன்றையும் பிரித்தறிய ஒரு மனிதர் வேண்டும். பதில் போய்ச் சேர்ந்த பிறகல்ல, சேர்வதற்கு முன்பு.

இது வெறும் எச்சரிக்கையல்ல, சோதித்துப் பார்க்கப்பட்ட வழி. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ராபர்ட் மோரிஸ் உருவாக்கிய ‘பனோப்ளி’ என்ற தளத்தில் பதில் எழுதுபவர்களுக்கு முதலில் சிறு பயிற்சி தரப்பட்டது; ஒவ்வொரு பதிலையும் வேறொருவர் பார்த்த பிறகே அனுப்பினார்கள். 166 பேரை வைத்து நடந்த ஆய்வு 2015-ல் வெளியானது. சும்மா மனதில் உள்ளதை எழுதித் தீர்த்தவர்களைவிட, பனோப்ளியைப் பயன்படுத்தியவர்கள் ஒரு பிரச்சினையை வேறு கோணத்தில் பார்க்கக் கூடுதலாகக் கற்றிருந்தார்கள். அதன் தொடர்ச்சியாக 2017-ல் வந்த ஆய்வு இன்னும் சுவையானது: தன் குறையைச் சொன்னதைவிட, பிறருக்கு எழுதி உதவியதே மனச்சோர்வு குறைந்ததோடு கூடுதலாகப் பொருந்தி வந்தது. பதில் எழுதுகிறவரும் ஒரு வகையில் பயனாளிதான்.

மனிதர் எதற்கு, செயற்கை நுண்ணறிவு எழுதாதா என்பார்கள். அதே மோரிஸ் தன் ‘கோகோ’ சேவையில் இதையும் செய்து பார்த்துவிட்டு 2023 ஜனவரியில் வெளியே சொன்னார். சுமார் 4,000 பேருக்கு ஜி.பி.டி-3 உதவியோடு பதில்கள் போயின. அவற்றுக்கு மதிப்பெண்ணும் நன்றாகவே விழுந்தது. எழுதியதில் இயந்திரத்துக்குப் பங்குண்டு என்று தெரிந்ததும் ஆறுதல் கரைந்துவிட்டதாகச் சொல்லி அதை நிறுத்தினார். ஆறுதலில் பாதி, யாரோ நமக்காக நேரம் செலவழித்தார் என்பதில் இருக்கிறது போலும். மற்றவர் பதிவுகளை அவர்களுக்குத் தெரியாமல் இயந்திரத்தால் கண்காணித்த பிரிட்டனின் ‘சமாரிட்டன்ஸ் ரேடார்’ செயலியோ 2014-ல் பத்து நாள்கூடத் தாங்கவில்லை.

தொலைபேசி உதவி எண்களான 104-ம் டெலி-மானஸ் 14416-ம் இருக்கும்போது இது எதற்கு என்ற கேள்வி நியாயமானது. உயிர் பற்றிய பேச்சு வந்தாலே அந்த எண்கள்தான் முதலில் திரையில் வர வேண்டும். அந்தச் செய்தி பழகாத ஒருவர் கைக்குப் போகவே கூடாது. ஆனால் எட்டுப் பேர் படுக்கும் மில் விடுதி அறையில் ஒரு பெண் போனில் வாய்விட்டுப் பேச முடியாது, எழுத முடியும். தொழில்முறை ஆலோசகர் அல்லாதவர் பேசி என்ன ஆகும் என்றால், சென்னையில் 1986-ல் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய ‘சிநேகா’ தற்கொலைத் தடுப்பு அமைப்பை நடத்துவதே தன்னார்வலர்கள்தான். அவர்களுக்கு முதலில் கற்றுத்தரப்படுவது அறிவுரை சொல்வதல்ல, கேட்பது.

ஆக, செலவு நிரலில் இல்லை, படிப்பவர்களிடம் இருக்கிறது. தறிப் பேச்சும் பனியன் கம்பெனிப் பேச்சும் தெரிந்தவர்கள், திருப்பூருக்கு என்றால் இந்தியும் ஒடியாவும் தெரிந்தவர்கள், முறை வைத்து ராத்திரியும் உட்கார வேண்டும். இதற்குச் சம்பளம் கொடுக்க இங்குள்ள மில்களும் மென்பொருள் நிறுவனங்களும் தங்கள் சமூகப் பொறுப்பு நிதியில் கொஞ்சம் ஒதுக்கலாம். ஆண்டுவிழா மேடைக்கு ஆகிற பணம்தான். ஆள் கிடைக்காத நேரத்தில் பதில் பெட்டியைப் பூட்டி, எப்போது திறக்கும் என்று எழுதி வைத்தால் போதும். மாணவர்களின் செயலிக்குப் பரிசு கொடுக்க உட்காரும் நடுவர்கள் திரையின் நிறத்தைப் பற்றிக் கேட்கும் முன், அந்த முறைப் பட்டியலை வாங்கிப் பார்க்கட்டும்.